வட்டமும் வாயிலும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அண்மையில், சிற்றாற்றின் கரையில், இலஞ்சி என்னும் அழகிய ஊர் அமைந்துள்ளது. மேற்கே முகில் தவழும் மலைத்தொடர். சுற்றிலும் நெல் விளையும் வயல்கள். ஊரின் பெயரோடு பிரியாது வழங்கும் இலஞ்சிக் குமரர் கோயில். அருணகிரிநாதர் இத்தலத்து முருகனைத் திருப்புகழில் பாடியுள்ளார். இலஞ்சி என்ற சொல்லுக்கு மகிழ மரம் என்றும், நீர்நிலை என்றும் அகராதிகள் பொருள் கூறும். ஊருக்குப் பெயர் வாய்த்தது மரத்தாலோ நீராலோ, இரண்டும் இம்மண்ணுக்குப் பொருந்துவனவே.

நீர்நிலை அமைக்கத் தெரிந்த முன்னோர் கரையை மட்டும் கட்டி நின்றுவிடவில்லை. நீர் உள்ளே வருவதற்கு வரத்துக்கால் வெட்டினர். வயலுக்குப் பாய்வதற்கு மடை அமைத்தனர். மிகுந்த நீர் வழிந்து அடுத்த குளத்தைச் சேர்வதற்கு மறுகால் விட்டனர். கரை இல்லையேல் நீர் நில்லாது. வரத்தும் போக்கும் இல்லையேல் நின்ற நீர் பாசி படர்ந்து கெடும். மக்கள் தமக்குள் கூடி அமைத்துக்கொள்ளும் வட்டங்களும் இத்தகையனவே.

ஒத்தாரோடு கூடுவது மனித இயல்பு. உழவர் ஒருவர் மற்றோர் உழவரிடம், "நடுகைக்கு ஆள் கிடைக்கவில்லை" என்று கூறினால் போதும். அதன் பின்னுள்ள கவலை முழுவதும் விளங்கிவிடும். நெடுநாள் பழகிய நண்பர் கூட்டத்தில் பாதிச் சொல்லுக்கே சிரிப்பு எழும். எவரும் தம்மை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. எவரும் ஏளனத்துக்கு அஞ்ச வேண்டுவதில்லை. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்க்கு இத்தகைய நிழல் இன்றியமையாதது. இதனைக் குற்றம் என்று கூறுதல் பொருந்தாது.

ஆயினும் இந்த நிழலுக்குள்ளே ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. ஒருவர் கூறுவதை மற்றவர் ஆமோதிக்கிறார். ஆமோதிப்பைக் கேட்டவர் தம் கூற்றை முன்னிலும் உரத்துக் கூறுகிறார். நாளடைவில், ஆராயப்படாத கருத்து ஒன்று அனைவரும் ஒப்பிய உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. வெளியிலுள்ள கருத்துகள் அவ்வட்டத்தை எட்டாமல் இருப்பதில்லை. ஆனால் அவற்றை நம்புவோர் வாயால் அவை வருவதில்லை. மறுப்போர் வாயால், கேலிக்கு உரியனவாய் உருமாறி வருகின்றன. ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர், 1859இல் வெளியிட்ட 'சுதந்திரம்' பற்றிய நூலில் இதனைச் சுட்டிக் காட்டினார். எதிர்த்தரப்பின் வாதத்தைத் தம் ஆசிரியரிடமிருந்து கேட்டறிதல் போதாது. அதனை மெய்யாகவே நம்புவோரிடமிருந்து கேட்டல் வேண்டும் என்பது அவர் கருத்து.

தமிழ்நாட்டு ஊர்களில் வட்டம் என்பது வெறும் நட்பு வட்டமன்று. தெருக்களே வட்டங்களாக அமைந்திருந்தன. இன்ன குலத்தார் இன்ன தெருவில் வாழ்வர் என்ற வரையறை நெடுங்காலம் நிலவியது. பல ஊர்களில் அதன் தடம் இன்றும் மறையவில்லை. ஒரு தெருவில் பிறந்த குழந்தை, நூறு அடி தொலைவிலுள்ள மற்றொரு தெருவின் அடுப்பில் என்ன வேகிறது என்பதை அறியாமலே முதுமை எய்தியதும் உண்டு. கடல் கடந்தவரே உலகம் கண்டவர் என்று எண்ணுவது வழக்கம். அடுத்த தெருவைக் காண்பது கடல் கடத்தலினும் அரிதாக இருந்த காலம் அது.

அக்காலத்திலும் எல்லையைத் தாண்டிய செவிகள் சில இருந்தன. இலஞ்சிக்கு அருகிலுள்ள மேலகரத்தில் வாழ்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில், வசந்தவல்லி என்னும் நங்கை குற்றாலநாதர் மீது காதல் கொள்கிறாள். அவளுக்குக் குறி கூற மலைக்குறத்தி ஒருத்தி வருகிறாள். நூலின் தலைவி வசந்தவல்லியே. எனினும் கற்போர் நெஞ்சில் நிலைப்பவள் குறத்தி. தன் மலையின் வளத்தை அவள் எடுத்துரைக்கும் மிடுக்கும், அவளைத் தேடிவரும் சிங்கன் அவளது புதிய அணிகலன்களைக் கண்டு மருண்டு வினவுவதும், அவள் விடையிறுக்கும் குறும்பும் நூலின் உயிராக விளங்குகின்றன. கோயிலையும் கற்றோர் அவையையும் சார்ந்து வாழ்ந்த புலவர் ஒருவர், மலையில் அலைந்து திரியும் மக்களின் பேச்சுக்குச் செவி கொடாதிருந்தால் இந்நூல் பிறந்திராது. மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் இதற்குப் பரிசாக நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது. கவிராயரின் பெயரால் அன்றி, குறத்தியின் நூலால் நிலம் பெயர் பெற்றது நினைக்கத் தக்கது.

கல்வியும் பயணமும் வட்டத்தைத் தாமே உடைத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை எப்போதும் நிறைவேறுவதில்லை என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையிலேயே சான்று உண்டு. வ. வே. சு. ஐயர் இலண்டன் மாநகரில் வாழ்ந்தவர். விடுதலைப் போராட்டத்தில் தம்மை ஒப்படைத்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். சிறைக்குள் இருந்துகொண்டே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அரிய ஆய்வு எழுதியவர். அவர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலத்தை நடத்திவந்தார். நாட்டுப்பற்றுள்ள இளைஞரை உருவாக்குவது அதன் நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரசும் அதற்குப் பொருளுதவி செய்தது. ஆனால் பிராமண மாணவர் சிலர் அங்கே தனியாக உணவருந்த இடமளிக்கப்பட்டது. அச்செய்தி வெளிவந்ததும் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் வன்மையாகக் கண்டித்தனர். வழக்கு காந்தியடிகள் வரை சென்றது. 1925இல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பாபநாசத்து அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர் நீத்தார். அதே ஆண்டின் இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு இருந்த காரணங்களுள் குருகுலச் சிக்கலும் ஒன்று.

மிகப் பெரிய உலகைக் கண்ட ஒருவரால், ஒரு சிறிய உணவுக்கூடத்தின் வழக்கத்தை மாற்ற இயலவில்லை. ஐயரின் தியாகத்தை மதிப்போரும் இதனை மறைத்துக் கூறுதல் தகாது. பந்தியின் எல்லைக்கு அந்த வலிமை இருந்தது.

சேரன்மாதேவிக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையிலுள்ள திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வேறொரு கூட்டம் வளர்ந்தது. அதன் பெயரே வட்டத்தைக் குறிப்பது. டி. கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்து நடுமுற்றம் வட்ட வடிவில் அமைந்திருந்தது. தென்னாட்டில் நடுமுற்றத்தைத் தொட்டி என்றும், அத்தகைய வீட்டைத் தொட்டிக்கட்டு வீடு என்றும் கூறுவர். ஆதலின் அங்கே கூடிய இலக்கியக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்ற பெயர் நிலைத்தது.

ரசிகமணி என்று நாடு போற்றிய டி. கே. சி. சட்டம் பயின்றவர். சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகவும், 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய ஆணையராகவும் பணியாற்றினார். ஆயினும் அவர் புகழுக்குக் காரணம் பதவியன்று, பேச்சு. கம்பனின் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஓசை விளங்கும்படி நிறுத்தி, மீண்டும் கூறி, சொல் ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தைச் சுவைத்துக் காட்டுவார். கேட்டவர் தாமும் அதே பாடலைத் திரும்பத் திரும்பக் கூறிக்கொண்டு வீடு திரும்புவர். உரைநூலின் துணைகொண்டு அகராதிப் பொருள் காண்பதே இலக்கியக் கல்வி என்று கருதப்பட்ட காலத்தில் இது பெரியதொரு மாறுதல். விருந்தோம்பலிலும் அவர் குறை வைத்தாரில்லை. பாட்டைக் கேட்க வந்தவர்க்கு இலையும் போடப்பட்டது.

அங்கே கூடியோர் ஒரு தொழிலினர் அல்லர். வருவாய்த் துறை அலுவலரான தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் வந்தார். பின்னாளில் அவர் தஞ்சைக் கலைக்கூடம் அமையக் காரணமானவர். ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாசராகவன் வந்தார். உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவரும் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கியவருமான எஸ். மகராஜன், எழுத்தாளர் மீ. ப. சோமு ஆகியோர் டி. கே. சி.யின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். பிற்காலத்தில் டி. கே. சி. குற்றாலத்தில் தங்கியபோது வட்டமும் அவரைத் தொடர்ந்தது. சாரல் வீசும் நாள்களில் இராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கினர். கோப்புகளோடு வாழும் அலுவலர், தீர்ப்பு எழுதுபவர், இதழ் நடத்துபவர், அரசியல் தலைவர் என்று பலரும் ஒரே பாடலைக் கேட்டனர். ஒரே பாடலை நீதிபதி கேட்கும் செவி வேறு. கதையாசிரியர் கேட்கும் செவி வேறு. இந்த வேற்றுமையே அவ்வட்டத்தின் வரத்துக்கால்.

மறுகாலும் இல்லாமற் போகவில்லை. முற்றத்தில் பேசப்பட்டது கல்கி இதழின் வழியே பல்லாயிரம் இல்லங்களை எட்டியது. தமிழிசை இயக்கத்தில் டி. கே. சி.யும் கல்கியும் கொண்ட பங்கு இதற்கு ஒரு சான்று. சென்னைச் சபைகளின் கச்சேரிகளில் தெலுங்குக் கீர்த்தனைகளும் வடமொழிக் கீர்த்தனைகளுமே மிகுதியாக ஒலித்தன. தமிழ்ப் பாடல்கள் கச்சேரியின் இறுதியில் பாடப்படும் சில்லறைகளாகக் கருதப்பட்டன. கேட்டுப் பழகியோர்க்கு அம்முறையே இயற்கை எனத் தோன்றியது. தமிழ்ப் பாடலும் மேடையின் நடுவே இடம் பெறவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, இசையின் தரமே தாழ்ந்துவிடும் என்று பலர் அஞ்சினர். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. பழகிய காதுகள் மெல்ல மெல்லப் புதியதற்குப் பழகின.

எந்த வட்டமும் தொடங்கிய நாளில் இருந்தவாறே இருப்பதில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் காப்பிக் கடைகள் பெருகின. ஒரு பென்னி கொடுத்தால் எவரும் உள்ளே சென்று அமரலாம், இதழ்களைப் படிக்கலாம், அறியாத ஒருவரோடு வாதிடலாம். ஆனால் நாளடைவில் வந்தவர்கள் தாமாகவே பிரிந்துகொண்டனர். கப்பல் வணிகர் எட்வர்டு லாயிடின் கடையை நாடினர். ஓர் அரசியல் கட்சியினர் ஒரு கடையையும் எதிர்க்கட்சியினர் மற்றொன்றையும் தமதாக்கிக் கொண்டனர். 1693இல் தொடங்கிய ஒயிட் என்பாரின் சாக்கலேட் கடை, பின்னர் உறுப்பினர் அல்லாதார் நுழைய முடியாத கழகமாக மாறிவிட்டது. கதவை எவரும் ஒரே நாளில் அடைக்கவில்லை. ஒத்தவர் ஒத்தவரை நாடியதால் அது தானே சாத்திக்கொண்டது.

வட்டத்தொட்டிக்கும் இந்த இடர் நேர்ந்ததா? கம்பராமாயணத்தின் பாடங்களைப் பற்றிய செய்தியில் நேர்ந்தது என்றே கூற வேண்டும். கம்பன் காவியம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டதாய் வழங்கிவருகிறது. அவற்றுள் பெரும்பகுதி இடைச்செருகல் என்று டி. கே. சி. கருதினார். சுவை குன்றியது எனத் தம் உள்ளத்துக்குப் பட்ட பாடல் கம்பனுடையதாக இராது என்பது அவர் துணிபு. சில பாடல்களில் சொற்களை மாற்றியும் வாசித்தார். அவரைச் சூழ்ந்திருந்த அன்பர்களில் பெரும்பாலார் இதனை வியந்து ஏற்றனர். வெளியிலிருந்த புலவர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

எதிர்த்தோர் பக்கமும் வலிய நியாயம் இருந்தது. அத்திருநெல்வேலிச் சீமையிலேயே தோன்றியவர் எஸ். வையாபுரிப்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, நூறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கியவர் அவர். ஒரு நூலின் மூலபாடத்தை ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டே துணிய வேண்டும் என்பது அவர் போன்றோர் போற்றிய நெறி. ஒருவர் உள்ளத்துக்கு இனிப்பது மற்றொருவர்க்குக் கசக்கலாம். சுவடியோ எவர் விருப்பத்துக்கும் வளையாது. பிற்காலத்தில் சுவடிகளை ஒப்பிட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கம்பராமாயணத்தைப் பதிப்பித்தது. அறிஞர் உலகம் இந்நெறியையே ஏற்றது. ஆனால் ஏட்டில் கிடந்த கம்பனை மக்கள் நாவில் ஏற்றிய பெருமை டி. கே. சி.யைச் சாரும் என்பதைச் சுவடி நெறியினரும் மறுப்பதற்கில்லை. சுவைத்தவர் சுவடியையும், சுவடி பார்த்தவர் சுவையையும் ஒருவர்க்கொருவர் இன்னும் சற்றுப் பொறுமையோடு காட்டியிருக்கலாம். இரு சாராரும் பெரும்பாலும் தத்தம் அன்பர்களிடமே பேசிக்கொண்டிருந்தனர்.

மற்றொரு குறையும் சொல்லாமல் விடத்தக்கதன்று. வட்டத்தொட்டியைப் பற்றிய நினைவுகளில் வரும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்று, நல்ல பதவியில் இருந்தோருடையவை. முற்றத்தில் பாட்டு ஒலித்த பொழுதில் அடுக்களையில் இருந்தோர் அப்பாட்டைப் பற்றி என்ன எண்ணினர் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

எனினும், வாயில் முற்றிலும் சாத்தப்படவில்லை என்பதற்குக் கரிசல் நிலத்து இளைஞர் இருவர் சான்றாவர். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் டி. கே. சி.யைக் காணக் குற்றாலத்துக்கு வந்தனர். கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாதவர்; உழவுத் தொழிலினர்; இளமையில் பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டு, உழவர் போராட்டத்துக்காகச் சிறை சென்றவர். டி. கே. சி.யின் நெருங்கிய நண்பரான இராஜாஜியோ, 1952இல் முதலமைச்சராக இருந்தபோது, பொதுவுடைமைக் கட்சியினருக்குத் தாமே முதல் எதிரி எனச் சட்டமன்றத்தில் வெளிப்படையாக அறிவித்தவர். இவ்விரு வகையினர்க்கும் உரிய இருக்கை ஒரே வீட்டில் இருந்தது. அரசியலில் எவரும் எவரையும் மாற்றிவிடவில்லை. அவர்கள் அங்கே சென்றதும் அதற்காக அன்று.

இளைஞர் பெற்றுச் சென்றது வேறு. பேச்சுத் தமிழுக்கு ஓர் உயிர் உண்டு. கடிதத்திலும் கட்டுரையிலும் அதனைக் கூசாமல் எழுதலாம் என்பதை டி. கே. சி.யின் எழுத்தும் பேச்சும் அவர்களுக்குக் காட்டின. அழகிரிசாமி, பின்னர் மலேயாவுக்குச் சென்று இதழாசிரியராகப் பணியாற்றினார். சிறுகதைகளால் பெரும்புகழ் எய்தி 1970இல் மறைந்தார். டி. கே. சி. 1954ஆம் ஆண்டு பிப்ரவரியில் காலமானார். அவ்வாண்டின் டிசம்பரில் கல்கியும் மறைந்தார். இடைசெவலில் தங்கிய கி. ராஜநாராயணன், ஆசானிடம் கற்றதை ஆசான் செல்லாத இடத்துக்குக் கொண்டு சென்றார். அவர் செவி கொடுத்தது காவியத்துக்கு மட்டுமன்று. களத்துமேட்டில் நெல்லும் கம்பும் தூற்றுவோர், ஆடு மேய்ப்போர், கதை சொல்லும் பாட்டிமார் ஆகியோர் பேச்சுக்கும்தான். முற்றத்துப் பெயர்ப் பட்டியலில் இடம் பெறாதவர்கள் அவருடைய கதைகளில் பேசினர். 'கோபல்லபுரத்து மக்கள்' என்னும் புதினத்துக்காக 1991இல் அவருக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு வழங்கப்பட்டது. கல்லூரி வாயிலை மிதியாத அவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் பேராசிரியராகவும் அமர்ந்தார்.

அவர் செய்த பணிகளுள் ஒன்று அதிகம் பேசப்படாதது. பேரகராதியின் வட்டத்துக்கு வெளியே நின்றுவிட்ட சொற்களை அவர் ஒவ்வொன்றாகத் திரட்டினார். உழவுக் கருவியின் உறுப்புகள், மாட்டின் சுழிகள், மழையின் வகைகள், வசைமொழிகள் என்று எதனையும் அவர் இழிவென ஒதுக்கவில்லை. 1982இல் அது 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' என்னும் நூலாக வெளிவந்தது. பின்னர் பிற நிலப்பகுதிகளிலும் இத்தகைய முயற்சிகள் தோன்றின. 2000ஆம் ஆண்டில் பெருமாள்முருகன் கொங்கு நாட்டுச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டார்.